முகர்ந்த பூவும் பூசைப் பூவும்

வீட்டைச் சுற்றி நாலடி மண் கிடைத்தால் அதில் ஒரு மல்லிகைக் கன்றை ஊன்றிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். மண் இல்லாதவர்கள் மொட்டை மாடியில் தொட்டி வைக்கிறார்கள். ஏன் மல்லிகை என்று கேட்டால் இரண்டு காரணங்கள் சேர்ந்தே வரும்: சாமிக்குப் பூ ஆகும், வீடெல்லாம் மணக்கும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. அதே வீட்டில், பூக்கூடையைத் தூக்கிவரும் குழந்தைக்கு, சாமிக்குப் பறித்த பூவை மோந்து பார்க்கக் கூடாது என்ற கட்டளையும் உண்டு. முகர்ந்தால் எச்சில், எச்சிலை இறைவனுக்குப் படைக்கலாகாது. அப்படியானால் சன்னலோரம் மல்லிகையைப் படரவிட்டு, இரவெல்லாம் அதன் மணத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காலையில் அதே செடியின் பூவைப் பூசைக்கு வைப்பது எப்படிச் சரியாகும்? மணத்தை நாம் முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தெய்வத்துக்குத் தருகிறோமா? மணப்பூச் செடிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முகர்தல் குற்றமல்ல, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதே குற்றம் என்பதுதான் நம் மரபுக்குள்ளிருந்தே கிடைக்கும் சரியான பதில் என்று கருதுகிறேன். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால் தோட்டத்தில் எதை நடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

முகராதே என்ற கட்டளைக்குப் பின்னால் நிற்கும் கடுமையான கதை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இருக்கிறது. பல்லவ அரசர் கழற்சிங்கர் தம் தேவியோடு திருவாரூர்க் கோயிலுக்கு வருகிறார். தேவி கோயிலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வரும்போது, பூத்தொடுக்கும் மண்டபத்தின் அருகே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்கிறார். அங்கிருந்த செருத்துணையார், இறைவனுக்கு உரிய பூவை இவள் முகர்ந்தாளே என்று ஓடிவந்து, அவர் மூக்கை அரிந்துவிடுகிறார். அரசர் வந்து நடந்ததைக் கேட்கிறார். கேட்டவர் செருத்துணையார்மேல் சினம் கொள்ளவில்லை. தண்டனை முறையாக முடியவில்லை, பூவை முதலில் எடுத்தது கையல்லவா என்று சொல்லித் தேவியின் கையை வெட்டுகிறார். செருத்துணையார், கழற்சிங்கர் இருவருமே அறுபத்து மூவரில் இடம்பெற்றுவிட்டார்கள். இன்று இதைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு நடுங்கும், நடுங்கவும் வேண்டும். ஒரு பெண்ணின் உடலைச் சிதைத்ததை எந்தப் பக்தியின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதை நியாயப்படுத்தாமலே, அந்தக் கதை குற்றத்தை எங்கே வைக்கிறது என்று மட்டும் பார்க்கலாம். அரசரின் தீர்ப்பில் மூக்குக்கு இரண்டாம் இடம்தான். முதல் குற்றவாளி கை. மணம் மூக்கைத் தேடி வந்தால் மூக்கு அதை ஏற்கிறது. கை அப்படியல்ல, கை போய் எடுக்கிறது. அந்தப் பூ கிடந்த இடமும் கவனிக்கத் தக்கது. அது சாலையோரத்துச் செடியில் பூத்திருந்த பூ அல்ல. இறைவனுக்கென்று பறித்துக் கொண்டுவந்து, மாலையாகத் தொடுக்கும் இடத்தில் கிடந்த பூ. ஏற்கெனவே கொடுத்தாகிவிட்ட ஒன்று. கதையின் உள்ளே இருக்கும் நியாயத்தின்படி, கொடுத்த பொருளின்மேல் நீண்ட கைதான் வழக்கின் மையம்.

இந்த வாசிப்பு வலிந்து செய்ததல்ல என்பதற்கு அதே பெரியபுராணத்தில் சான்று உண்டு. காளத்தி மலையில் கண்ணப்பர் பூசை செய்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் வில், மறு கையில் இறைச்சி. பூவை எடுத்துச் செல்லக் கையில்லாததால் அதைத் தம் தலைமயிரில் செருகிக்கொண்டு போகிறார். தலையில் சூடிய பூ, வாயில் கொண்டுவந்த நீர், சுவை பார்த்த இறைச்சி: ஆகமப்படி பூசித்துவந்த சிவகோசரியாருக்கு இவை எல்லாமே அபசாரம். இறைவனோ அவற்றைத்தான் விரும்பி ஏற்றார். வைணவத்தில் இன்னும் வெளிப்படையான சான்று ஆண்டாள். வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து, பெருமாளுக்கென்று தொடுத்த மாலையை மகள் தன் கழுத்தில் போட்டு அழகு பார்க்கிறாள். தந்தை பதறிப்போய் வேறு மாலை தொடுக்கிறார். பெருமாளோ அவள் சூடியதையே கேட்கிறார். திருவரங்கம் முதல் வில்லிபுத்தூர் வரை சூடிக்கொடுத்தவள் என்ற பெயரே அவளுக்குப் பெருமையாக நிற்கிறது. வில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குச் சாத்திய மாலை ஆண்டுதோறும் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவின்போது மதுரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்கும் போகிறது. முகர்வதும் சூடுவதும் பூவைக் கெடுத்துவிடும் என்பது மாறா விதியாக இருந்தால் இந்த இரண்டு கதைகளுக்கும் இடமே இல்லை. திருவாரூர்த் தேவி கொடுத்ததிலிருந்து எடுத்தார். கண்ணப்பரும் ஆண்டாளும் தம்மிடம் இருந்ததையும் தம்மையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பூவை மூக்கு தொட்டதா என்பது அளவுகோல் அல்ல. அந்தப் பூ எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதே அளவுகோல்.

இனிச் செடியின் பக்கம் வருவோம். மல்லிகையை விடியற்காலையில், அது விரிவதற்கு முன்பே பறிக்கிறோம். கையில் எடுத்துப் பார்த்தால் மொட்டு இறுகி, முனை குவிந்து, காம்போரம் இளம்பச்சை படிந்து இருக்கும். அப்போது அதில் மணம் மிகக் குறைவு. பகலெல்லாம் ஈரத்துணிக்குள் கிடந்து, பொழுது சாயும்போது ஒவ்வொரு மொட்டாகக் கட்டவிழும். அதற்குப் பிறகுதான் அறை நிறையும். பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பூக்களில் மல்லிகை ஒன்று. இந்த இயல்பை வைத்துத்தான் பிரான்சின் கிராஸ் நகரில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகை இனப் பூக்களையும் சம்பங்கியையும் பரப்பி, மணம் கொழுப்பில் ஏறியதும் பழைய பூவை நீக்கிப் புதிய பூவை வைத்து நறுமணப் பொருள் தயாரித்தார்கள். இதிலிருந்து நம் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. நேற்றிரவு சன்னல் வழியாக வந்த மணம் நேற்று விரிந்த பூவினுடையது. இன்று காலை கூடைக்கு வரும் மொட்டின் மணம் இன்னும் பிறக்கவே இல்லை. அது மாலை விளக்கேற்றும் நேரத்தில், சாமி படத்தின்மேல்தான் பிறக்கப்போகிறது. மணத்தை நாம் தின்றுவிட்டுச் சக்கையைப் படைக்கிறோம் என்ற அச்சத்துக்கு மல்லிகையின் உடற்கூறே இடம் தரவில்லை.

மணத்துக்காகத்தான் இறைவன் பூவை ஏற்கிறான் என்ற எண்ணமும் மரபுக்கு ஒத்ததல்ல. சிவனுக்கு உகந்தவை என்று சொல்லப்படும் எருக்கும் ஊமத்தையும் மணத்தால் பெயர் பெற்றவையல்ல. செம்பருத்திக்கு மணமே இல்லை. அம்மனுக்கு அதுதான் விருப்பம் என்கிறோம். எருக்கம்பூவைச் சூட்டினாலும் வேண்டாம் என்று கடவுள் சொல்வதில்லை என்ற கருத்தைப் புறநானூற்றில் கபிலர் சொல்லிவிட்டார். மாறாக, ஊரையே மணக்க வைக்கும் தாழம்பூவைச் சிவபூசையிலிருந்து விலக்கினார்கள். அடிமுடி தேடிய கதையில் அது பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னது என்பது காரணம். மணமில்லாத எருக்கு உள்ளே, மணமுள்ள தாழை வெளியே. இறைவன் பார்ப்பது மணத்தையல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மணம் வேண்டியிருப்பது நமக்கு. இதை ஒப்புக்கொள்வதில் குறைவு எதுவும் இல்லை. தொல்காப்பியம் உயிர்களை அறிவின் வகையால் அடுக்கும்போது, மூக்கறிவைக் கறையானும் எறும்பும் இருக்கும் மூன்றாம் படியிலேயே வைக்கிறது. முகர்தல் நமக்கு மட்டும் கிடைத்த சிறப்பல்ல. எறும்போடும் பகிர்ந்துகொள்ளும் எளிய புலன். அந்த எளிய புலனைக் கொண்டு கொடுக்கப் பழகுகிறோமா, பறிக்கப் பழகுகிறோமா என்பதில்தான் மனிதனின் பொறுப்பு தொடங்குகிறது.

இதற்குப் பௌத்தத்திலிருந்து ஒரு வலுவான மறுப்பு உண்டு. பாலி நூலான சம்யுத்த நிகாயத்தில் ஒரு சிறு கதை வருகிறது. கோசல நாட்டுக் காட்டில் தங்கியிருந்த பிக்கு ஒருவர், பிச்சையெடுத்து உண்ட பிறகு குளத்தில் இறங்கித் தாமரையை முகர்கிறார். அந்தக் காட்டுத் தெய்வம் அவரை மணத்தைத் திருடுகிறவர் என்கிறது. நான் பறிக்கவில்லை, ஒடிக்கவில்லை, எட்ட நின்று முகர்ந்தேன், இது எப்படித் திருட்டு என்று பிக்கு கேட்கிறார். கிழங்கைத் தோண்டிப் பூவை ஒடிப்பவனை நீ ஏன் கேட்கவில்லை என்றும் கேட்கிறார். அழுக்கேறிய துணியில் இன்னொரு கறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூய்மையைத் தேடுகிறவனுக்கு மயிர்நுனி அளவு குற்றமும் மேகம்போல் பெரிதாகத் தெரியும் என்பது தெய்வத்தின் பதில். இங்கே கை குற்றவாளி அல்ல, மூக்கேதான் குற்றவாளி. என் வாதத்துக்கு இதைவிட நேரான எதிர்ப்பு இருக்க முடியாது. இந்தத் தெய்வத்தின் பதிலை நான் மதிக்கிறேன். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. குற்றத்தின் அளவு, ஒருவர் எதை ஏற்றுக்கொண்டு வாழ்கிறார் என்பதைப் பொறுத்தது என்கிறது அது. மாலையும் நறுமணமும் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தவர் பிக்கு. அந்த வாக்கைத்தான் அவர் குளக்கரையில் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொண்டார். திருவாரூர்க் கதைக்கும் கோசலக் கதைக்கும் பொதுவான நூல் இதுதான்: இரண்டிலும் கொடுத்தது மீறப்படுகிறது. ஒன்றில் பூவைக் கொடுத்திருந்தார்கள், மற்றொன்றில் புலனையே கொடுத்திருந்தார். இல்லறத்தில் இருப்பவர் மூக்கைத் துறப்பதாக யாருக்கும் வாக்குத் தரவில்லை. கூடையில் விழுந்த பூ இறைவனுடையது என்ற வாக்கைத் தந்திருக்கிறார். அதைக் காப்பாற்றுவதே அவர் நோன்பு. குழந்தைக்கு நாம் சொல்லும் கட்டளை சரியானது. எச்சில் என்ற காரணம்தான் போதாதது. கொடுத்ததைக் கொடுத்ததாகவே விட்டுவிடு என்று சொன்னால் அந்தக் குழந்தை பூவைத் தாண்டியும் ஒன்றைக் கற்றுக்கொள்ளும்.

அப்படியானாலும் புலன் இன்பம் பற்றாக வளராதா என்ற அச்சம் மிஞ்சும். மணத்தைப் பொறுத்தவரை பற்றுக்கு ஓர் இயற்கையான தடை இருக்கிறது. ஒரே மணத்தை விடாமல் முகர்ந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதை உணர்வதை விட்டுவிடும். கைநிறைய மல்லிகையை முகத்தோடு வைத்துக்கொள்பவருக்கு அது சீக்கிரமே ஒன்றுமில்லாமல் போகும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கோ காற்று திரும்பும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும். சோற்றைக் குவித்து வைக்கலாம், பொன்னைப் பூட்டி வைக்கலாம். பூத்து நிற்கும் செடியின் மணத்தைச் சுவருக்குள் வைத்துக்கொள்ள வழியில்லை. அது நமக்கு வரும்போதே அடுத்த வீட்டுக்கும் போகிறது. நமக்கு வந்ததால் அவர்களுக்குக் குறைவதும் இல்லை. ஐம்புல நுகர்ச்சிகளில் சொந்தமாக்கிக்கொள்ள மிகவும் இடம் தராதது இதுவே. அதனால்தான் இல்லறத்தாருக்கு மணப்பூத் தோட்டத்தை நல்ல பயிற்சிக்களம் என்கிறேன்.

பூவைப் பறிப்பதே கொலையல்லவா என்பது அடுத்த மறுப்பு. சமணத்தில் செடிகொடிகள் ஓரறிவுயிர்கள். திகம்பரரில் தேராபந்தி என்ற பிரிவினர் வழிபாட்டில் பறித்த பூவை வைப்பதில்லை. சைவத்துக்குள்ளேயும் அந்தக் குரல் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் தாயுமானவர், பூசைக்கென்று மலரைப் பார்த்தால் அந்த மலருக்குள்ளும் நீயே இருக்கிறாய், எடுக்க மனம் வரவில்லை என்ற கருத்தைப் பாடினார். அகப்பூசைக்கு உரியவையாகச் சொல்லப்படும் எட்டு மலர்களில் முதலாவது கொல்லாமை, இரண்டாவது ஐம்பொறி அடக்கம். இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. பூ செடியின் இனப்பெருக்க உறுப்பு. மாலையில் விரியும் வெள்ளைப் பூக்களின் மணம் பெரும்பாலும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. நமக்கு அது விருந்து என்றால், பூச்சிக்கு அது உணவு. வண்டு தொடாத பூவையே படைக்க வேண்டும் என்று விரும்பிய வியாக்கிரபாதர் வண்டுகளை விரட்டவில்லை. தில்லையில் இருட்டோடு எழுந்து மரமேற, புலிக்காலும் இருளில் காணும் கண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது கதை. செருத்துணையாரின் பக்தி பிறர்மேல் பாய்ந்தது; இவருடையதோ தம் உறக்கத்தின்மேல் பாய்ந்தது. தூய்மைக்கான நெருக்கடியைத் தன்மேல் சுமத்திக்கொள்வதே சமயம். பிறர்மேல் சுமத்துவது வன்முறை. வீட்டுத் தோட்டக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஓர் எளிய ஒழுங்கு: செடியை மொட்டையடிக்காமல், வேண்டியதை மட்டும் பறித்து, மீதியைப் பூச்சிக்கும் காற்றுக்கும் விடுவது. தாயுமானவர் போல ஒன்றையுமே பறிக்காதவர் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறார். அவருடைய தோட்டமும் பூசைதான்.

மூன்றாவது மறுப்பு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. சுவரைத் தாண்டுவதால் மணம் கொடையாகிறது என்றேன். வேண்டாதவர் வீட்டுக்குள்ளும் அது கேட்காமல் நுழையுமே? இரவு ராணி என்று நர்சரிகளில் விற்கும் செடியின் மணம் சிலருக்குத் தலைவலி தருகிறது; மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு எந்த அடர்ந்த மணமும் துன்பமாகலாம். மறுக்க முடியாத கொடை கொடையாகாது, அது திணிப்பு. ஆகவே கொடுப்பவர் பெறுபவரை அறிந்திருக்க வேண்டும். மிகக் கடுமையாக மணப்பதை அடுத்தவர் படுக்கையறைச் சன்னலுக்கு நேரே வைக்காமலிருப்பதும், வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதும் தோட்டக்கலையின் பகுதி மட்டுமல்ல, அறத்தின் பகுதி.

இந்த வாதத்தை ஏற்பவர் எதை நடுவார்? முதலில், தானே உதிர்ப்பவற்றை. பவளமல்லி அந்தியில் விரிந்து விடியலில் தரையில் கிடக்கும். கீழே விழுந்த பூவைப் படைக்கக் கூடாது என்ற வழக்கத்துக்குப் பவளமல்லியை விலக்காக வைத்திருக்கிறார்கள். பறிக்கும் கையே தேவைப்படாத பூசை அது. அந்தப் பூவை எடுத்துப் பார்த்தால், வெள்ளை இதழ்கள் காற்றாடிபோல ஒருபுறம் சாய்ந்து, நடுவிலும் காம்பிலும் செம்மஞ்சள் ஏறியிருக்கும். கை சூடு பட்டாலே வாடத் தொடங்கும். பிடித்து வைக்கக் கூடாது என்பதைப் பூவே சொல்கிறது. இடம் இருந்தால் மகிழ மரம். திருவொற்றியூரின் தலமரம், சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த இடம் அதன் நிழல். அதன் சிறு பூக்களும் தாமே உதிர்பவை, காய்ந்த பிறகும் மணப்பவை. அடுத்து, தொட்டால்தான் மணக்கும் இலைகளை: துளசி, மருக்கொழுந்து, திருநீற்றுப்பச்சை. இவை யாரையும் வலிய அணுகுவதில்லை. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராத மணம் இதுவே. மல்லிகையும் முல்லையும் நல்ல வெயில் படும் தெருப்பக்கம் இருக்கட்டும். நடந்துபோகிறவருக்கும் பங்கு போகும். மணமில்லாத செம்பருத்திக்கும் தும்பைக்கும் ஒரு மூலை வேண்டும். இறைவனுக்கு மணம் தேவையில்லை என்பதை அவை மறக்கவிடாது. பெரியபுராணத்தில் திருப்புகலூர் முருகநாயனார் பூக்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்று நான்கு வகையாகக் கொய்தார். அந்த நான்கையும் ஒரு வீட்டில் கொண்டுவர முடியாவிட்டாலும், ஒரே செடியை வரிசையாக நட்டு விளைச்சலை எண்ணுவதைவிட, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு உயிர்களுக்குப் பயன்படும் கலவையை வைப்பது அந்த மரபுக்கு நெருக்கமானது.

கோயில் நந்தவனத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திருமலையில் இராமானுசரின் சொற்படி அனந்தாழ்வான் நந்தவனம் அமைத்தார். அந்த மலையில் பூக்கும் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பதால் அங்கே போகிறவர்கள் தலையில் பூச்சூடுவதில்லை. அங்கே கன்று ஊன்றும்போதே கொடை முடிந்துவிட்டது. வீட்டிலோ செடி வீட்டாருடையது, மணம் யாருடையதும் அல்ல; பூ கூடையில் விழும்போதுதான் கொடை நிகழ்கிறது. அந்த நொடிக்கு முன்னால் முகர்வதில் குற்றமில்லை, அதற்குப் பின்னால் முகராமலிருப்பது வாக்கைக் காப்பது. இந்தக் கோட்டைத் தெளிவாக வரைந்துகொண்டால் பூசையும் மகிழ்ச்சியும் மோத வேண்டியதில்லை. வீட்டுக்கு மணப்பூ வைப்பவர் இனி எது அதிகம் மணக்கும் என்று மட்டும் கேட்க வேண்டாம். இதை நான் யாருக்கெல்லாம் கொடுக்கப்போகிறேன், கொடுத்தபின் கையை நீட்டாமல் இருப்பேனா என்று கேட்டு நட்டால், பூசைக்கு வேண்டிய முதல் தகுதி அவருக்கு நடும்போதே கிடைத்துவிடுகிறது.